வீட்டில் கார் சார்ஜர் போட மூன்று கொட்டேஷன், மூன்றும் மூன்று விதம். எதை நம்புவது?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எலக்ட்ரிக் கார் கைக்கு வருகிறது, அதற்குள் வீட்டில் சார்ஜரை மாட்டிவிட வேண்டும் என்று மூன்று எலக்ட்ரீஷியன்களிடம் கொட்டேஷன் கேட்டேன். தொகை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் விகிதத்தில் சொல்கிறேன். முதல் ஆள் கேட்டதை 100 என்று வைத்துக்கொண்டால் இரண்டாமவர் கேட்டது 190, மூன்றாமவர் கேட்டது 340. சார்ஜரை நானே தனியாக வாங்கிவிட்டேன், அது இந்தக் கணக்கில் சேராது.

முதல் ஆள் வீட்டுக்கு வரவே இல்லை. போனில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு "சார்ஜர் ஃபிட்டிங், ஒயர் உட்பட" என்று ஒரே வரியில் தொகையை அனுப்பிவிட்டார். இரண்டாமவர் வந்து பத்து நிமிடம் பார்த்தார், அரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார், அதில் பாதி எனக்குப் புரியவில்லை. மூன்றாமவர் போர்டைத் திறந்து பார்த்ததுமே முழு போர்டையும் மாற்ற வேண்டும், மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்க வேண்டும், வாங்கின சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 22 கிலோவாட் சார்ஜர் போடுங்கள் என்கிறார்.

வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். சார்ஜர் 7.4 கிலோவாட். போர்டு பின்பக்க அறையில் இருக்கிறது, கார் நிற்கப்போவது முன்பக்கம், நடுவில் 20 மீட்டர் இருக்கும். குறைந்த விலைக்குப் போகப் பயமாக இருக்கிறது, அதிக விலை கொடுக்கவும் மனம் வரவில்லை. நியாயமான விலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செம்புக்கம்பி எழுதியது:

இருபது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை பார்க்கிறேன், கார் சார்ஜரும் நிறையப் போட்டிருக்கிறேன். உங்கள் மூன்று கொட்டேஷனையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆள் தன் வண்டியில் கிடக்கிற ஒயரை மனதில் வைத்துச் சொன்னார். இரண்டாமவர் பார்த்ததற்குச் சொன்னார். மூன்றாமவர் நீங்கள் கேட்காத ஒரு பெரிய வேலைக்குச் சொன்னார். எல்லோரும் ஒரே வேலைக்கு விலை சொல்லும்படி முதலில் செய்யுங்கள், அப்புறம் தொகையைப் பார்க்கலாம்.

அதற்கு எனக்குச் சில விவரம் வேண்டும். போர்டிலிருந்து சார்ஜர் மாட்டும் இடம் வரைக்கும் டேப் வைத்து அளங்கள். நேர்கோட்டில் அளக்கக் கூடாது, கேபிள் சுவரோடு ஏறி இறங்கி மூலை திரும்பிப் போகிற வழியிலேயே அளக்க வேண்டும். போர்டைத் திறந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள் (உள்ளே கை வைக்க வேண்டாம், மூடியைத் திறந்தால் போதும்). மெயின் ஸ்விட்ச் எத்தனை ஆம்பியர், மின் இணைப்பில் உங்களுக்கு ஒதுக்கிய லோடு எவ்வளவு என்று பில்லில் பாருங்கள். எர்த் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

இந்த லோடை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறோம் என்றால், ஹீட்டர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும், அப்புறம் ஒயர் ஆறிவிடும். கார் அப்படி இல்லை. ராத்திரி நீங்கள் தூங்கும்போது 32 ஆம்பியரை ஐந்து ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். எங்கேயாவது ஒரு திருகாணி சரியாக இறுகவில்லை என்றால் அது அந்த ஆறு மணி நேரத்தில்தான் வெளியே தெரியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒயருக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி. தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? காரின் உள்ளே இருக்கும் சார்ஜர் எத்தனை கிலோவாட் வாங்கும் என்று அதன் விவரக் குறிப்பில் போட்டிருக்கிறதா? இந்த இரண்டும் தெரிந்தால் மூன்றாமவர் சொன்னதில் எவ்வளவு தேவை என்று உடனே தெரிந்துவிடும்.

நிலாமுற்றம் எழுதியது:

இப்போதுதான் அளந்தேன். 20 மீட்டர் என்று நினைத்தது தப்பு, சுவரோடு போய் மாடிப்படிக்குக் கீழே திரும்பி வந்தால் 31 மீட்டர் வருகிறது. மெயின் ஸ்விட்சில் 63 ஆம்பியர் என்று இருக்கிறது. போர்டில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். எர்த் பற்றித் தெரியவில்லை, வீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு குழி மூடி இருக்கிறது, அதுவாக இருக்கலாம்.

தினமும் 45 கிலோமீட்டர் ஓடும். வீட்டு மின்சாரத்தில் (ஏசி) கார் அதிகபட்சம் 7.2 கிலோவாட் வாங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் 22 கிலோவாட் சார்ஜர் உங்களுக்கு எந்தப் பயனும் தராது. பலருக்கு இது தெரிவதில்லை. சுவரில் மாட்டும் பெட்டி மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பதில்லை, அது பாதுகாப்போடு கூடிய ஒரு ஸ்விட்ச் மட்டும்தான். வீட்டுக்கு வரும் ஏசியை (மாறுதிசை மின்சாரம்) டிசி (நேர்திசை மின்சாரம்) ஆக்கி பேட்டரிக்குள் அனுப்புவது காரின் உள்ளே இருக்கும் சார்ஜர். அது 7.2 வாங்கும் என்றால் சுவரில் 22 மாட்டினாலும் 7.2 தான் ஏறும். மூன்று ஃபேஸ் கொடுத்தாலும் உங்கள் கார் ஒரு ஃபேஸை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும்.

அடுத்தது உங்கள் தினசரித் தேவை. 100 கிலோமீட்டருக்குத் தோராயமாக 15, 16 யூனிட் என்று வைத்தால் 45 கிலோமீட்டருக்கு 7 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 8 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் என்பது 7.4 கிலோவாட், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். 16 ஆம்பியர் என்பது 3.7 கிலோவாட், இரண்டே கால் மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க கார் சும்மாதான் நிற்கிறது. தினசரி ஓட்டத்துக்கு 16 ஆம்பியரே தாராளம், நீண்ட பயணம் போய் வந்த ராத்திரி மட்டும் 32 உதவும்.

ஆனால் சார்ஜரை 16 ஆம்பியரில் ஓட்டினாலும் கேபிளை 32 ஆம்பியருக்கே போடச் சொல்லுங்கள். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சுவருக்குள் போன கேபிளை மாற்ற மறுபடியும் சுவரை உடைக்க வேண்டும்.

பழையசைக்கிள் எழுதியது:

"ஒயர் உட்பட" என்ற வார்த்தையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் இப்படித்தான் ஒரு வரியில் கொட்டேஷன் வந்தது, மற்றவர்கள் கேட்டதில் பாதிதான், சந்தோஷமாகச் சரி என்றேன். அரை நாளில் வேலை முடிந்தது. நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் விடிகாலையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்து எழுந்து போய்ப் பார்த்தால் போர்டின் மூடி கை வைக்க முடியாத சூடு. மெயினை அணைத்துவிட்டு வெளியே ஓடினேன். பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் வேறு ஒருவரை வரவழைத்துத் திறந்து பார்த்தோம். 32 ஆம்பியர் சார்ஜருக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தார். மெல்லிய இழைகள் கொண்ட ஒயரை முனையில் லக் (ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் தொப்பி) எதுவும் அடிக்காமல் அப்படியே முறுக்கி எம்சிபிக்குள் (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) செருகியிருந்தார், அதில் பாதி இழை வெளியே நின்றது. சார்ஜருக்குத் தனியாக ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லவே இல்லை. அவரிடம் கேட்டபோது "நீங்கள் இதையெல்லாம் கேட்கவில்லையே" என்றார். கோபம் வந்தது, ஆனால் கொட்டேஷனில் எதுவும் எழுதாமல் விட்டது நானும்தான் என்பதால் பதில் பேச முடியவில்லை. மொத்தத்தையும் கழற்றிப் புதிதாகப் போட்டதில் முதலில் மற்றவர்கள் கேட்ட தொகையைவிட அதிகமாகவே செலவானது.

செம்புக்கம்பி எழுதியது:

பெரிய ஆபத்திலிருந்து தப்பியிருக்கிறீர்கள். சுவருக்குள் பைப்பில் ஓடும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 32 ஆம்பியர் என்பது தாங்கும் விளிம்பில் இருக்கும் லோடு, வெயில் படும் சுவராக இருந்தால் விளிம்பையும் தாண்டிவிடும். அதற்கு மேல் லக் இல்லாத முனை. உங்கள் வீட்டில் கருகியது அந்த முனையாகத்தான் இருக்கும்.

நிலாமுற்றம், உங்கள் 31 மீட்டருக்குக் கணக்குப் போட்டேன். போக வர 62 மீட்டர் செம்பு. 32 ஆம்பியர் ஓடும்போது 4 சதுர மில்லிமீட்டரில் சுமார் 9 வோல்ட் வழியிலேயே விழும் (குறைந்துவிடும்), அதாவது 4 சதவீதம், கிட்டத்தட்ட 290 வாட் சுவருக்குள் சூடாகவே போய்விடும். 6 போட்டால் 6 வோல்ட், 195 வாட். 10 போட்டால் மூன்றரை வோல்ட், 115 வாட். இது குளிர்ந்த செம்புக்கு உள்ள கணக்கு, ஒயர் சூடேறினால் இன்னும் கொஞ்சம் கூடும். 6 போட்டால் வேலை நடக்கும். இவ்வளவு நீளத்துக்கு, பைப் வெயிலில் போகிறது என்றால், நான் 10 போடுவேன். யாராவது அலுமினிய ஒயரை மலிவு என்று காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஆர்சிசிபி. கசிவு வந்தால் ஆளைக் காப்பாற்றுவது இதுதான், 30 மில்லி ஆம்பியர் வகை, சார்ஜருக்கென்று தனியாக வேண்டும். இதில் வகை முக்கியம். டைப் ஏசி என்று மலிவாகக் கிடைப்பது சாதாரண ஏசி கசிவை மட்டும் பார்க்கும். காரின் உள்ளே ஏசி டிசி ஆக மாறுவதால் சில பழுதுகளில் டிசி கசியும், அந்த டிசி ஆர்சிசிபியின் உள்ளே இருக்கும் காந்த வளையத்தைச் செயலிழக்க வைத்துவிடும், அதன் பிறகு உண்மையான ஏசி கசிவு வந்தாலும் அது விழாது, அதாவது துண்டிக்காது. அதனால் சார்ஜருக்கு உள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசியைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி இருந்தால் வெளியே டைப் ஏ போதும். அந்த வசதி இல்லையென்றால் டைப் பி வேண்டும், அது விலை பல மடங்கு. உங்கள் சார்ஜர் புத்தகத்தில் இதைத் தேடுங்கள். வசதி ஏற்கெனவே இருக்கும் சார்ஜருக்கு டைப் பி எழுதினால் உங்கள் பணம் வீண். டைப் ஏசி எழுதினால் உயிருக்கு ஆபத்து. கொட்டேஷனில் "ஆர்சிசிபி" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வகை என்று கேட்காமல் விடாதீர்கள்.

புதுஓட்டுநர் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காரோடு வரும் சின்ன சார்ஜரைச் சாதாரண பிளக்கில் செருகினால் போதாதா? இவ்வளவும் தேவையா?

செம்புக்கம்பி எழுதியது:

10 ஆம்பியரில் ஓட்டினால், அந்த பிளக்குக்குப் போர்டிலிருந்து தனி ஒயர் வந்தால், நல்ல எர்த் இருந்தால், ஓட்டலாம். மணிக்கு 2.3 யூனிட் ஏறும், குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு அதுவே போதும். பழைய சாக்கெட் என்றால் வேண்டாம், உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும், ஆறு மணி நேரத்தில் உருகும். எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஒருபோதும் போடாதீர்கள், சுருட்டி வைத்த கேபிளில் கண்டிப்பாகக் கூடாது.

திருப்புளி எழுதியது:

என் அப்பா வாழ்நாள் முழுக்க வயரிங் வேலை செய்தவர். அவர் பக்கத்திலிருந்து சில வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கொட்டேஷன் கேட்பவர்களில் பலர் ஐந்தாறு பேரை வீட்டுக்கு வரவழைக்கிறார்கள், ஒவ்வொருவரும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து அளந்து கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள், அப்புறம் நன்றாக எழுதிக் கொடுத்தவரின் காகிதத்தை மலிவான ஆளிடம் காட்டி "இதையே இந்த விலைக்குச் செய்" என்கிறார்கள். அப்பாவுக்கு இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அதன் பிறகு அவர் விவரமாக எழுதிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார், ஒரு வரியில் தொகையை மட்டும் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வரி கொட்டேஷன் எல்லாமே ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், சிலர் பட்டு அப்படி ஆனவர்கள்.

அதனால் வந்து பார்ப்பதற்கு ஒரு தொகை கொடுங்கள், வேலையை அவருக்கே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மூன்று பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள், பொருளின் தரத்தையும் அளவையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். கூலியைக் குறைத்தால் அது எங்கே குறையும் என்று பழையசைக்கிள் வீட்டில் பார்த்தோமே, ஒரு லக் அடிக்க ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடம்தான் முதலில் போகும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

திருப்புளி சொல்வதில் கூலி பற்றிய பகுதியை அப்படியே ஏற்க முடியவில்லை. அதே அளவு வேலைக்கு ஒருவர் ஒரு நாள் கூலியும் இன்னொருவர் நான்கு நாள் கூலியும் போட்டால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். சுவரைத் துளைப்பதும் பைப் பதிப்பதும் சேர்த்தா, இரண்டு ஆளா ஒரு ஆளா, என்று கேட்டால் அவமரியாதை இல்லை.

திருப்புளி எழுதியது:

கேட்பது சரி, அதை நான் தடுக்கவில்லை. "எத்தனை பேர், எத்தனை நாள்" என்று கேளுங்கள், நியாயமான ஆள் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார். காரணம் கேட்காமல் "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சார்ஜர் புத்தகத்தில் பார்த்தேன், 6 மில்லி ஆம்பியர் டிசி கண்டறியும் வசதி உள்ளேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. பில்லில் ஒதுக்கிய லோடு 10 கிலோவாட்.

மூன்று பேருக்கும் ஒரே மாதிரி அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"7.4 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்பியர் சார்ஜர் (நானே வாங்கிவிட்டேன், டிசி கசிவு கண்டறிதல் உள்ளே உண்டு). போர்டிலிருந்து 31 மீட்டர், நான் அளந்தது, நீங்களும் ஒருமுறை அளக்கவும். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு, தனி லைன், வழியில் இணைப்பு இல்லாமல். போர்டில் தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி டைப் ஏ 30 மில்லி ஆம்பியர். பைப், கிளிப், லக் எல்லாம் சேர்த்து. பொருள் விலை தனியாக, கூலி தனியாக, எத்தனை பேர் எத்தனை நாள் என்று எழுதவும். ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் அளவும் எழுதவும்."

செம்புக்கம்பி எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு காகிதம் கையில் வந்தாலே வேலை செய்பவருக்குப் பாதிக் கவலை போய்விடும், என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்துவிடுகிறது. இன்னும் சிலவற்றைச் சேருங்கள்.

எர்த்தை அளந்து அளவைச் சொல்லச் சொல்லுங்கள், சரியில்லை என்றால் புது எர்த் போட எவ்வளவு என்று தனி வரியில் இப்போதே எழுதி வாங்குங்கள். வேலை பாதியில் இருக்கும்போது "எர்த் சரியில்லை, இன்னும் இவ்வளவு ஆகும்" என்று கேட்டால் உங்களால் மறுக்க முடியாது. சில இடங்களில் விநியோக நிறுவனத்தின் நியூட்ரலையே எர்த்தாகவும் பயன்படுத்துகிறார்கள், அங்கே வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் நிற்கலாம். அந்த வகை இணைப்பு என்றால் சார்ஜருக்குத் தனி எர்த் வேண்டும், அல்லது நியூட்ரல் அறுந்ததைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் வசதி வேண்டும். உங்கள் வீட்டில் எது என்று வருகிறவர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சோதனை. வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன், எர்த் லூப் (கசியும் மின்சாரம் எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் தடை), ஆர்சிசிபி எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது, இவற்றை எண்ணாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மட்டும் அமுக்கிக் காட்டுவது இதற்கு ஈடாகாது. திருகாணிகளை அந்தந்தப் பொருளின் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவர் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் திருப்புளி) வைத்து இறுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். சுவரை உடைத்தால் பூசிக் கொடுப்பது யார், வர்ணம் யார், இதையும் கேளுங்கள், கடைசியில் சண்டை வருவது இங்கேதான்.

இப்போது லோடு. மெயின் ஸ்விட்சில் 63 என்று இருப்பதால் அவ்வளவும் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. ஒதுக்கியது 10 கிலோவாட், அதாவது 43 ஆம்பியர் அளவுக்கு. கார் 32 எடுத்தால் வீட்டுக்கு 11 தான் மிச்சம், 3 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் ஒன்று போட்டாலே தாண்டிவிடும். மூன்றாமவர் மூன்று ஃபேஸ் கேட்டதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம், அவரை உடனே தப்பாக நினைக்க வேண்டாம். ஆனால் இதற்கு மலிவான வழி இருக்கிறது. சார்ஜரில் மின்னோட்ட வரம்பை 16க்குக் குறைத்து வைக்கலாம். எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்பதை சார்ஜர் பைலட் கம்பி (சார்ஜர் கேபிளுக்குள் இருக்கும் சிக்னல் கம்பி) வழியாகக் காருக்குச் சொல்லும், கார் அதற்கு மேல் எடுக்காது, 6 ஆம்பியர் வரை குறைக்க முடியும். இன்னும் நல்லது, மெயின் ஒயரில் ஒரு சிடி கிளாம்ப் (ஒயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) மாட்டுவது. வீட்டில் ஹீட்டர் ஓடும்போது காருக்குப் போவது தானாகக் குறையும், அணைந்ததும் கூடும். உங்கள் சார்ஜரில் அந்த வசதி இருந்தால் கிளாம்பும் அதற்கான சிக்னல் ஒயரும் கொட்டேஷனில் வரட்டும். கேபிள் போடும்போதே அந்த ஒயரையும் இழுத்துவிட்டால் செலவு மிகக் குறைவு, பிறகு இழுப்பது பெரிய வேலை.

அடுக்ககவாசி எழுதியது:

எங்கள் அடுக்குமாடியில் மீட்டர் அறை தரைத்தளத்தில், என் பார்க்கிங் 70 மீட்டர் தள்ளி. இதே கணக்குதானா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

70 மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டு 32 ஆம்பியர் ஓட்டினால் 8 வோல்ட் விழும், 16 ஆம்பியர் என்றால் பாதி. நீங்கள் 16 போதும் என்று முடிவு செய்தால் கேபிள் செலவு வெகுவாகக் குறையும். அதைவிட முக்கியம், சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கிவிட்டுக் கொட்டேஷன் கேளுங்கள், கேபிள் எந்த வழியாகப் போகலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், வழி மாறினால் நீளமும் விலையும் மாறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எண்ணம் இருந்தால் சேர்ந்து ஒரே பாதை போடுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்தக் காகிதத்தை மூன்று பேருக்கும் அனுப்பினேன், வந்து பார்ப்பதற்குத் தொகையும் தருகிறேன் என்றேன்.

முதல் ஆள் இப்போது 180 என்றார். சோதனைக் கருவி தன்னிடம் இல்லை, இந்த வேலை வேண்டாம் என்று அவராகவே ஒதுங்கிக்கொண்டார். நேர்மையாகச் சொன்னாரே என்று மதிப்பு வந்தது. மூன்றாமவர் 340லிருந்து 235க்கு வந்தார். போர்டை மாற்ற வேண்டிய காரணத்தைக் கேட்டேன், இடம் இல்லை என்று நினைத்தாராம், காலியாக இருக்கும் இரண்டு இடத்தையும் காட்டினேன். சார்ஜருக்கு எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்தாற்போல் வரும் ஆர்சிபிஓ ஒன்று போட்டால் அந்த இடமே போதும் என்று அவரே ஒப்புக்கொண்டார். இரண்டாமவர் 190லிருந்து 215. கூடியது 10 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கும் சிடி கிளாம்புக்கும்.

இரண்டாமவருக்கே கொடுத்தேன். தொகை மட்டும் காரணமில்லை. மறுபடி வந்தபோது அவர்தான் கேட்காமலேயே எர்த் குழி மூடியைத் திறந்து பார்த்தார். கம்பி பச்சை பிடித்து, போல்ட்டு கையால் ஆடியது, மீட்டரில் அளவு ஒரு இடத்தில் நிற்கவில்லை. புது எர்த் 30 என்று முன்பே தனி வரியில் எழுதி வாங்கியிருந்ததால் அங்கே நின்று பேச வேண்டிய தேவை வரவில்லை. ஆக மொத்தம் 245. கேபிளை மீட்டர் கணக்கில் பில் போட்டார், கடைசியில் 33 மீட்டர் போனது, அந்த இரண்டு மீட்டர் எங்கே போனது என்று போர்டிலும் சார்ஜரிலும் விட்ட மடிப்பைக் காட்டினார்.

இரண்டு பேர், ஒன்றரை நாள். பைப்பை மூடுவதற்கு முன் நான் படம் எடுத்துக்கொண்டேன். சோதனைத் தாளில் ஆர்சிபிஓ 28 மில்லி செகண்டில் விழுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தாளைப் போர்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டோம். கார் வந்த முதல் ராத்திரி 32 ஆம்பியரில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு போர்டின் மூடியில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இப்போது தினமும் 16லேயே வைத்திருக்கிறேன், விடிவதற்கு வெகு முன்பே ஏறி முடிந்துவிடுகிறது.

செம்புக்கம்பி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. 28 மில்லி செகண்ட் நல்ல அளவு, 300 வரை அனுமதி உண்டு. மூன்று மாதம் கழித்து அவரையே ஒருமுறை கூப்பிட்டு ஆர்சிபிஓ முனைகளையும் சார்ஜர் முனைகளையும் டார்க் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாகிக் குளிர்ந்து செம்பு கொஞ்சம் படிந்து திருகாணி தளர்ந்திருக்கலாம். அதற்கும் கூலி கொடுங்கள்.

பழையசைக்கிள் எழுதியது:

நிலாமுற்றம், உங்கள் காகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், என் தம்பி வீட்டுக்கு. நேற்று போய் நானே டேப் பிடித்து அளந்தேன், 24 மீட்டர், வெயில் படாத சுவர். செம்புக்கம்பி அண்ணே, இந்த நீளத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போதுமா?

செம்புக்கம்பி எழுதியது:

போதும். நாலே முக்கால் வோல்ட்தான் விழும். லக் மட்டும் மறக்க வேண்டாம்.